கோட்டுக்கும் அகலம் உண்டு

யூக்ளிட் வகுத்த வடிவியலில் கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. கணினித் திரையில் வரையப்படும் படமும் இந்த இலக்கணத்தை மதித்தே நடக்கிறது. பெட்டியின் பக்கமோ பல்சக்கரத்தின் விளிம்போ அங்கே புள்ளிகளை இணைக்கும் பாதையாக மட்டுமே சேமிக்கப்படுகிறது. அந்தப் பாதையில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டரை ஓட்டினாலும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் குவிக்கப்பட்ட லேசர் கற்றையை ஓட்டினாலும், கோடு உடனே அகலம் பெற்றுவிடுகிறது; அந்த அகலத்துக்குள் இருந்த மரமோ பிளாஸ்டிக்கோ தூளாகவும் புகையாகவும் மறைந்துபோகிறது. வீட்டு மேசைமேல் சி.என்.சி. இயந்திரத்தையும் லேசர் வெட்டியையும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகப் பொருள்களைச் செய்பவர்கள் பழகிக்கொள்ளும் கலையில் பெரும்பகுதி, திரையிலுள்ள கோட்டுக்கும் பலகையில் விழும் வெட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கில் கொண்டுவருவதுதான். இயந்திரம் மலிந்துவிட்டது, அந்தக் கணக்கு மட்டும் இன்னும் செய்பவரின் தலையில்தான் இருக்கிறது.

சி.என்.சி. என்பது கணினிவழி எண் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சுருக்கப் பெயர். வெட்டும் கருவி எங்கிருந்து எங்கே, எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கை தீர்மானிப்பதற்குப் பதிலாக எண்களின் வரிசை தீர்மானிப்பதே அதன் சாரம். இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழலிறக்கைகளைத் தயாரித்துவந்த ஜான் பார்சன்ஸ். இறக்கையின் வளைவைச் சரிபார்க்கும் அளவுத் தகடுகளை வெட்டுவதற்காக, வளைவின் மேலுள்ள புள்ளிகளை அவரும் அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனும் துளையட்டைக் கணக்கிடும் கருவியில் கணக்கிட்டனர். பிறகு ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை வாசிக்க, இருவர் மில்லிங் இயந்திரத்தின் ஆளுக்கொரு அச்சை அந்த எண்ணுக்கு நகர்த்தினர். 1949இல் அமெரிக்க விமானப்படை இம்முறையைத் தானியங்கியாக்க ஒப்பந்தம் அளித்தது. அந்தப் பணியில் இணைந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம், துளையிட்ட காகித நாடாவிலிருந்து எண்களைப் படித்து மூன்று அச்சுகளையும் ஒருங்கே நகர்த்தும் இயந்திரத்தை 1952இல் இயக்கிக் காட்டியது. வாசித்தவரின் இடத்துக்கு நாடாவும், கைப்பிடியைச் சுழற்றியவர்களின் இடத்துக்கு மோட்டாரும் வந்தன. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் அடங்கிய கட்டுப்பாட்டு அலமாரி நின்றது.

அந்த அலமாரி இன்று உள்ளங்கையில் அடங்கும் மின்சுற்று அட்டையாகச் சுருங்கியிருப்பதற்குப் பல தனித்தனி முயற்சிகள் ஒன்றுசேர்ந்தது காரணம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ என்னும் மலிவான நுண்கட்டுப்பாட்டு அட்டை, அதே காலத்தில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் முப்பரிமாண அச்சு இயந்திரத் திட்டம், அத்திட்டத்தின் வழியே பெருகிய சிறு மோட்டார்களின் சந்தை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2009இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 'கிரபிள்' என்னும் கட்டுப்பாட்டு நிரலை எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார். நொடிக்கு 1.6 கோடித் துடிப்புகளும் வெறும் 2 கிலோபைட் செயல்நினைவகமும் கொண்ட ஆர்டுயினோவில் அந்த நிரல் மூன்று மோட்டார்களை ஒருங்கிணைத்து இயக்குவதோடு, அடுத்துவரும் திருப்பங்களை முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைக்கவும் செய்கிறது. இன்று '3018' என்ற பெயரில் பல தயாரிப்பாளர்கள் விற்கும் மேசை இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த நிரலையோ அதன் வழித்தோன்றல்களையோ நம்பி ஓடுபவை; 300க்கு 180 மில்லிமீட்டர் என்னும் வேலைப்பரப்பின் அளவே அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது. இத்தகைய கருவிகளைச் சாதாரண மக்களின் கையில் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையுடன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் முன்னெடுத்த ஃபேப் லேப் பட்டறைகளுள், அமெரிக்காவுக்கு வெளியே மிக முன்னதாக அமைந்தவற்றுள் ஒன்று மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்திலுள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் இருப்பது.

இயந்திரத்தின் அசைவு தொடங்குவது ஸ்டெப்பர் மோட்டாரில். மின்சாரம் பாய்ந்தவுடன் தொடர்ந்து சுழலும் சாதாரண மோட்டாரைப் போலன்றி, இது ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு குறிப்பிட்ட கோணம் மட்டும் நகர்ந்து நிற்கும். பரவலாகப் பயன்படும் வகை ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள் எடுத்துவைக்கிறது. அதாவது ஓர் அடிக்கு 1.8 பாகை. சுருள்களில் பாயும் மின்னோட்டத்தின் அளவைப் படிப்படியாக மாற்றி ஒவ்வோர் அடியையும் 16 நுண்ணடிகளாகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 3,200 நுண்ணடிகள் கிடைக்கும். மோட்டாரோடு இணைந்த திருகுத்தண்டு ஒரு சுற்றில் மேசையை 4 மில்லிமீட்டர் நகர்த்துமானால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 நுண்ணடிகள் என்று கணக்காகிறது. காகிதத்தில் இது மில்லிமீட்டரில் எண்ணூறில் ஒரு பங்கு நுட்பம். தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறியது. நடைமுறையில் யாருக்கும் அந்த நுட்பம் கிடைப்பதில்லை. திருகுக்கும் அதன்மேல் ஊரும் மரைக்கும் இடையே எப்போதும் சிறு தளர்வு இருக்கும். பட்டறைக்காரர்கள் இதனை 'ப்ளே' என்பார்கள். மேசை வலப்பக்கம் ஓடிவிட்டு இடப்பக்கம் திரும்பும்போது, மோட்டார் சுழலத் தொடங்கிய பிறகும் அந்தத் தளர்வு தீரும்வரை மேசை அசையாது. வட்டம் வெட்டச் சொன்னால் நான்கு இடங்களில் சிறு தட்டை விழுந்த வட்டம் கிடைப்பது இதனால்தான். மரையை இரண்டாகப் பிரித்து நடுவே வில்சுருள் வைத்து இறுக்குவது இதற்கான எளிய வைத்தியம்.

மோட்டாருக்குத் தரப்படும் கட்டளைகளின் மொழிக்கு ஜி-கோடு என்று பெயர். 'ஜி1 எக்ஸ்40 ஒய்25 எஃப்400' என்னும் வரி, இப்போதிருக்கும் இடத்திலிருந்து கிடைமட்ட அச்சில் 40, குறுக்கு அச்சில் 25 என்ற புள்ளிக்கு நிமிடத்துக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் செல் என்று ஆணையிடுகிறது. பல ஆயிரம் வரிகள் கொண்ட கோப்பும் இந்த எளிய இலக்கணத்தைத் தாண்டுவதில்லை. கவனிக்க வேண்டியது, இங்கே ஆணை மட்டுமே இருக்கிறது, விசாரணை இல்லை. தொழிற்சாலை இயந்திரங்களில் அச்சு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அளந்து திருப்பிச் சொல்லும் உணர்விகள் உண்டு. வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை கிடையா. மரத்திலுள்ள முடிச்சில் கட்டர் முட்டி மோட்டார் சில அடிகளைத் தவறவிட்டாலும், நிரல் அதனை அறியாமல், எஞ்சிய வேலை முழுவதையும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, மிகத் துல்லியமாகச் செய்து முடிக்கும்.

அடுத்தது வெட்டு. சுழலும் கட்டர் மரத்தைத் தேய்த்து அகற்றுவதில்லை. அதன் ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்கிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் இரட்டை விளிம்புக் கட்டரை நிமிடத்துக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால், ஒவ்வொரு சீவலின் தடிமனும் 400ஐ 20,000ஆல் வகுத்த ஈவு, அதாவது 0.02 மில்லிமீட்டர். புதிதாகத் தொடங்குபவர் அச்சத்தால் நகரும் வேகத்தை 100ஆகக் குறைத்தால் சீவலின் தடிமன் 0.005 மில்லிமீட்டராகிவிடும், கட்டரின் விளிம்பு எவ்வளவு கூராயினும் அதற்கும் ஒரு மழுங்கல் உண்டாகையால், அவ்வளவு மெல்லிய சீவலை அதனால் பிடித்து வெட்ட முடியாமல் பொருளின் மேல் உரசத் தொடங்குகிறது. வெட்டில் பிறக்கும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேற வேண்டியது சீவல்தான். சீவல் இல்லாதபோது வெப்பம் கட்டரிலேயே தங்கி, மரம் கருகும், அக்ரிலிக் உருகிக் கட்டரைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் போனால் பத்திரம் என்ற பொதுப்புத்தி இங்கே நேர்மாறான பலனையே தருகிறது.

வேகத்தைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டர் என்பது ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டு. பக்கவாட்டு விசை தாக்கும்போது அது வளையும். வளைவின் அளவு, வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் விட்டத்தின் நான்மடிக்கு எதிர் விகிதத்திலும் அமையும் என்பது பொறியியலின் பழைய விதி. அதே விசையில், விட்டம் பாதியான கட்டர் 16 மடங்கு வளையும்; ஒன்றரை மடங்கு நீட்டிப் பிடித்த கட்டர் ஏறத்தாழ மூன்றரை மடங்கு வளையும். எனவே ஆழமான வெட்டை ஒரே மூச்சில் இறக்காமல் பல அடுக்குகளாக இறக்குவதும், கட்டரைத் தேவையானதற்கு மேல் நீட்டாமல் பிடிப்பதும் வழக்கம். கட்டர் வட்டமானது என்பதால் உட்புற மூலைகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. 3 மில்லிமீட்டர் கட்டர் வெட்டிய சதுரக் குழியின் ஒவ்வொரு மூலையிலும் 1.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு மிஞ்சும். அந்தக் குழிக்குள் நேர்மூலையுள்ள பலகை நுழையாது. மூலையைத் தாண்டிக் கட்டரைச் சற்றே உள்ளே செலுத்தி, அங்கே சிறு வட்டப் பள்ளம் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிடுவது இதற்கான தீர்வு. ஆணி இல்லாமல் கோத்த வீட்டு நாற்காலிகளின் இணைப்புகளில் தெரியும் காது போன்ற பள்ளங்கள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல.

இவ்வளவு கணக்குகளும் ஒருங்கே தேவைப்படும் சிறு வேலை ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்வதைச் சொல்லலாம். மரப்பலகையில் குடும்பப் படத்தைச் செதுக்குவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதில் இயந்திரம் ஓடும், செய்பவர் கற்றுக்கொள்வது குறைவு. மின்சுற்றுப் பலகை அப்படி விட்டுவிடாது. கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த 1.6 மில்லிமீட்டர் பலகையின்மேல் ஒட்டியுள்ள செப்புத் தகட்டின் தடிமன் வெறும் 35 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்பெல்லாம் மின்பாதைகளாக எஞ்ச வேண்டிய செம்பை மையால் மறைத்துவிட்டு, மீதியை ஃபெரிக் குளோரைடு கரைசலில் கரைத்து எடுப்பார்கள். கறை படிந்த தட்டும் வாளியும் அதற்குச் சாட்சியாக நிற்கும். சி.என்.சி. முறையில், 'வி' வடிவக் கூர்முனை கொண்ட கட்டர் ஒவ்வொரு மின்பாதையையும் சுற்றி ஒரு மெல்லிய வாய்க்காலை வெட்டி, அதனை அண்டைப் பாதைகளிலிருந்து பிரித்துவிடுகிறது.

இங்கேதான் கோட்டின் அகலம் ஆழத்தோடு பின்னிக்கொள்கிறது. 30 பாகைக் கோணமும் 0.1 மில்லிமீட்டர் நுனியும் கொண்ட கட்டர் 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால் வாய்க்காலின் மேலகலம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர், 0.3 மில்லிமீட்டர் இறங்கினால் 0.26. பலகையோ சமதளமாக இருப்பதில்லை. கைக்குத் தட்டையாகத் தெரியும் பலகையும் இரு ஓரங்களுக்கிடையே 0.2 மில்லிமீட்டர் மேடு பள்ளம் கொண்டிருப்பது இயல்பு. அப்படிப்பட்ட பலகையில் ஒரே ஆழத்தைக் கட்டளையாகக் கொடுத்தால், மேடான இடத்தில் வாய்க்கால் அகன்று மெல்லிய மின்பாதையையே தின்றுவிடும், பள்ளமான இடத்தில் கட்டர் செம்பைத் தொடாமலே காற்றில் ஓடும். இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட உபாயம் அழகானது. செப்புத் தகட்டுக்கு ஒரு மின்கம்பியையும் கட்டருக்கு ஒரு மின்கம்பியையும் பொருத்தி, கட்டரை மெல்ல இறக்கினால், அது செம்பைத் தொடும் கணத்தில் சுற்று மூடப்பட்டு அந்த இடத்தின் உயரம் பதிவாகிறது. சில மில்லிமீட்டர் இடைவெளியில் பலகை முழுவதும் இவ்வாறு தொட்டுத் தொட்டு அளந்த உயரங்களைக் கொண்டு மென்பொருள் ஒரு நிலவரைபடத்தைத் தயாரித்து, ஜி-கோட்டின் ஒவ்வொரு வரியிலும் ஆழத்தை அதற்கேற்பத் திருத்திவிடுகிறது. வெட்டப்படும் பொருளே அளவுகோலாகவும் மாறும் இடம் இது. இதில் பறக்கும் கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால், பொருத்தமான முகக்கவசமும் தூசியுறிஞ்சியும் இன்றி இந்த வேலையைத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது.

லேசர் வெட்டியிலும் திருகும் பட்டையும் மோட்டாரும் ஜி-கோடும் ஏறத்தாழ இவையேதான். கட்டர் இருந்த இடத்தில் ஒளிக்கற்றை வந்து அமர்கிறது. அதற்கு விசை இல்லை, பொருளைத் தள்ளுவதில்லை, ஆகவே காகிதத்தைக்கூட இறுகப் பிடிக்காமல் வெட்டலாம். விசைக்குரிய சிக்கல்கள் நீங்கியதும் வெப்பத்துக்குரிய சிக்கல்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

ஓர் அணு ஆற்றல் மிகுந்த நிலையில் இருக்கும்போது அதே ஆற்றலுக்குரிய ஒளித்துகள் கடந்துசென்றால், அந்த அணு தன் ஆற்றலை உமிழ்ந்து, வந்த துகளை அப்படியே ஒத்த இன்னொரு துகளைச் சேர்த்து அனுப்பும் என்று ஐன்ஸ்டீன் 1917இல் காட்டினார். தூண்டு உமிழ்வு எனப்படும் இந்நிகழ்வைக் கொண்டு 1960இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லில் முதல் லேசரை இயக்கினார். வெட்டும் தொழிலுக்கு வேண்டிய திறன் கிடைத்தது 1964இல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய குமார் பட்டேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரில். கண்ணாடிக் குழாயில் அடைத்த வாயுக்கலவையின் வழியே உயர் மின்னழுத்தம் பாயும்போது முதலில் அதிர்வு பெறுபவை நைட்ரஜன் மூலக்கூறுகள். அவற்றின் அதிர்வாற்றல் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் ஓர் அதிர்வு நிலையோடு மிக நெருங்கி ஒத்துப்போவதால் மோதலின்போது அப்படியே கைமாறுகிறது. கார்பன் டை ஆக்சைடு 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாக அதனை உமிழ்கிறது. கலவையிலுள்ள ஹீலியம், ஒளியை உமிழ்ந்து கீழ்நிலையில் தங்கிவிட்ட மூலக்கூறுகளை மீண்டும் அடிநிலைக்கு இறக்கி, அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாக்குகிறது. பொழுதுபோக்காளர்களிடையே 'கே40' என்று வழங்கும் மேசை இயந்திரத்தில் இருப்பது இத்தகைய நீர்க்குளிர்ச்சிக் குழாய்தான்.

40 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்று எடுக்கும் மின்திறன். அது 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் விழும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 5,000 வாட் என்ற செறிவைப் பெறுகிறது. உச்சி வெயிலில் தரையில் விழும் சூரிய ஒளியைப் போல இது சுமார் 50 லட்சம் மடங்கு. அந்தச் செறிவுக்கு ஒவ்வொரு பொருளும் தன் வேதியியலின்படி பதில் சொல்கிறது. அக்ரிலிக் என்பது ஒரே வகைச் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. சூடேறும்போது சங்கிலி நுனியிலிருந்து அவிழ்ந்து மீண்டும் அதே சிறு மூலக்கூறுகளாகி ஆவியாகிவிடுவதால், வெட்டிய விளிம்பு மெருகிட்டதுபோலப் பளபளக்கும். மரத்தின் செல்லுலோஸ் அப்படி அவிழ்வதில்லை. சிதைந்து, வாயுக்களை வெளியேற்றி, கரியை மிச்சம் வைக்கிறது. லேசர் வெட்டிய பிளைவுட்டின் விளிம்பு பழுப்பும் கறுப்புமாக இருப்பதற்கும், அந்த விளிம்பைத் தொட்ட விரலில் கரி ஒட்டுவதற்கும் இதுவே காரணம். பிளைவுட்டில் மரத்தைவிடப் பசையே பெரிய தடை. சமையலறை அலமாரிகளுக்குப் பயன்படும் நீர் புகாத பிளைவுட்டின் ஃபீனால் பசை லேசரில் கருகிக் கெட்டிப்பட்டு நிற்பதால், அதே தடிமனுள்ள சாதாரணப் பலகை எளிதில் வெட்டுப்படும் இடத்தில் அது பாதியிலேயே தடுத்துவிடும். நல்ல சரக்கு என்று கடையில் விலை கூட்டிக் கொடுப்பது லேசருக்குக் கெட்ட சரக்கு.

அண்மைக் காலத்தில் வீடுகளுக்குள் அதிகம் புகுந்திருப்பது நீலநிற டையோடு லேசர். காலியம் நைட்ரைடு படிகத்தில் நீல ஒளியைப் பிறப்பிக்க ஜப்பானில் ஷூஜி நாகமுரா 1990களில் செய்த ஆய்வுகளின் வழிவந்த இந்தச் சில்லு, கண்ணாடிக் குழாயும் நீர்க்குளிர்ச்சியும் இன்றி ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில், கற்றையைத் தருகிறது. அலைநீளம் மாறியதும் பொருள்களின் குணமும் தலைகீழாகிறது. நிறமற்ற அக்ரிலிக்கும் கண்ணாடியும் 10.6 மைக்ரான் ஒளிக்குச் சுவர் போன்றவை, ஆகவே அவ்வொளியில் அக்ரிலிக் வெட்டுப்படும், கண்ணாடியின் மேல் எழுதலாம்; நீல ஒளிக்கோ அவை இரண்டும் திறந்த சன்னல், கற்றை கீழேயுள்ள மேசையைச் சுட்டுவிட்டுப் போகும். கறுப்பு அக்ரிலிக் என்றால் நீல ஒளி அதில் சிக்கிக்கொள்கிறது. வாங்குபவரைக் குழப்பும் செய்தி இன்னொன்றும் உண்டு: விளம்பரங்களில் 40 வாட் என்று அச்சிடப்படும் எண் சில வேளைகளில் சாதனம் மின்செருகியிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறனே தவிர, ஒளியாக வெளிவரும் திறன் அதில் எட்டில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம்.

எதை வெட்டலாம் என்பதைவிட எதை வெட்டக்கூடாது என்பது முந்திய பாடம். பி.வி.சி. பிளாஸ்டிக்கில் குளோரின் உண்டு. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மூச்சுக்குழாயையும் இயந்திரத்தின் தண்டுகளையும் ஒருசேர அரிக்கும். தண்ணீர்க் குழாய், ஃப்ளெக்ஸ் பேனர், சோபாவின் ரெக்ஸின் உறை என்று வீட்டில் கிடைக்கும் பலவும் இந்த இனமே. ஐயமிருந்தால், செம்புக் கம்பியின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடியும் தீயில் காட்டுவார்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. கண்ணுக்கு வரும் கேடு இன்னும் கொடியது. அரை வாட்டுக்கு மேற்பட்ட திறந்த கற்றை நான்காம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகுப்பைச் சேர்ந்தது. நீல ஒளி விழியின் முன்பகுதியைக் கடந்து உள்ளே சென்று விழித்திரையிலேயே குவிகிறது. இமை மூட ஆகும் கால் நொடிக்குள் அழிவு முடிந்துவிடும், பளபளப்பான உலோகத்தில் பட்டுத் தெறித்த கற்றையும் அதைச் செய்ய வல்லது. பாதுகாப்புக் கண்ணாடி குறிப்பிட்ட அலைநீளத்துக்கென்றே செய்யப்படுவது; ஒளியடர்த்தி 4 என்று குறித்த கண்ணாடி பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும், ஆனால் நீலத்துக்கான கண்ணாடி அகச்சிவப்புக்கு உதவாது. வெட்டும்போது காற்றை ஊதுவது புகையை விலக்கிச் சுடரையும் அடக்கும். அப்படியும் மரத்தில் தீ பற்றுவது உண்டு என்பதால், ஓடும் லேசரை விட்டுவிட்டு வேறு அறைக்குப் போவதைப் பழகியவர்கள் எவரும் செய்வதில்லை.

கற்றையும் அகலமுள்ள கோடுதான் என்பது வெளிப்படும் இடம் பலகைகளைப் பற்களாகக் கோத்துச் செய்யும் பெட்டி. வெட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்றால், கற்றை கோட்டின் நடுவே ஓடுவதால் இருபுறமும் 0.1 வீதம் தின்னும். 10 மில்லிமீட்டருக்கு வரைந்த பல் 9.8 ஆகும், அதே அளவுக்கு வரைந்த காடி 10.2 ஆகும். 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் பெட்டி ஆடும், பசை தாங்காது. இந்த அகலத்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், 100 மில்லிமீட்டர் நீளத்தைப் பத்துத் துண்டுகளாக ஒரு சட்டத்துக்குள் வெட்டி, துண்டுகளை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி, மறுபக்கம் உண்டாகும் இடைவெளியைக் காலிப்பரால் அளக்கும் பழக்கம் உண்டு. பதினொரு வெட்டுகளின் அகலமும் அந்த ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும், 2.2 மில்லிமீட்டர் என்று வந்தால் ஒரு வெட்டுக்கு 0.2. அந்த அளவில் பாதியை வெளிக்கோடுகளுக்கு வெளிப்புறமாகவும் உட்கோடுகளுக்கு உட்புறமாகவும் தள்ளி வரைந்துவிட்டால், பெட்டி சுத்தியலின் மென்மையான தட்டலில் இறுகும். கடையில் 3 மில்லிமீட்டர் என்று வாங்கிய பலகை 2.7 ஆகவோ 3.2 ஆகவோ இருக்கலாம் என்பதையும் அதே காலிப்பர் சொல்லிவிடும்.

வெட்டின் அகலத்தையே கருவியாக்கும் வேலையும் உண்டு. விறைப்பான பிளைவுட்டில் செங்கல் அடுக்கும் ஒழுங்கில் நெருக்கமான நீண்ட கீறல்களை வரிசை வரிசையாக வெட்டினால், அந்தப் பகுதி துணியைப் போல வளையத் தொடங்கும். வளைவது உண்மையில் மரமன்று. கீறல்களுக்கு நடுவே எஞ்சிய மெல்லிய சட்டங்கள் ஒவ்வொன்றும் தன்னைத்தானே சற்று முறுக்கிக்கொள்கின்றன. ஒரு வரிசை 3 பாகை முறுகினால் 30 வரிசைகள் சேர்ந்து ஒரு செங்கோணத் திருப்பத்தைத் தந்துவிடும். கீறல் நீளமானால் மென்மை கூடும், சட்டம் அகலமானால் விறைப்பு கூடும். மேல் அடுக்கின் மர இழை சட்டத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் மடிப்பிலேயே உடையும். கீல் இல்லாமல் வளைந்து மூடும் புத்தக உறைகளும் நகைப்பெட்டிகளும் இந்த ஒரு தந்திரத்தில் பிறந்தவை.

தமிழ் எழுத்துகளில் பெயர்ப்பலகையோ வண்ணம் தெளிக்கும் அச்சுத் தகடோ வெட்டும்போது இன்னொரு வகைக் கணக்கு வந்துசேர்கிறது. பலகையிலிருந்து எழுத்தை வெட்டி நீக்கினால், மூடிய சுழி கொண்ட க, ண, ன போன்றவற்றின் உள்வட்டம் எதனோடும் ஒட்டாமல் கீழே உதிர்ந்துவிடும். ட, ப, ர ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. நேர்மாறாக, எழுத்தையே மரத்தில் வெட்டி எடுத்துக் கதவில் பொருத்துவதானால் சுழி சிக்கலில்லை, மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாகிக் கையோடு வந்துவிடும்; இகரத்தின் மேல்விலங்கு எழுத்தைத் தொடாமல் நிற்கும் எழுத்துருக்களில் அதுவும் பிரியும். வெட்டுபவர்கள் முதல் வகைக்குச் சுழியைச் சுற்றுப்புறத்தோடு இணைக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் பாலங்களை விடுகிறார்கள். இரண்டாம் வகைக்குப் புள்ளியை எழுத்தின் தலையில் சற்றுப் பதியுமாறு இறக்கி ஒட்டவைக்கிறார்கள், அல்லது பெயர் முழுவதற்கும் அடியில் ஒரு பட்டையை ஓட்டி எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துகிறார்கள். பாலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால், இருபுறமும் கற்றை தின்றதுபோக மிஞ்சுவது பெரும்பாலும் கரியாகவே இருக்கும் என்பதால், மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் அந்த அளவைக் குறைக்க அவர்கள் துணிவதில்லை.